ஊட்நடாட்டா தடத்தில் வண்டி மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

தென் ஆஸ்திரேலியாவின் வடக்கே, மரீ என்ற சிற்றூரில் தொடங்கி மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் நீளும் மண்சாலைதான் ஊட்நடாட்டா தடம். நானும் என் கணவரும் ஒரு ஜூலை மாதம் அடிலெய்டில் இருந்து கிளம்பி அதை முழுக்க ஓட்டினோம். நடுவில் பெட்ரோல், டீசல் கிடைக்கும் இடங்கள் இரண்டுதான். மரீயிலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் வில்லியம் க்ரீக், அங்கிருந்து இன்னொரு 200 போனால் ஊட்நடாட்டா, அப்புறம் மார்லாவுக்கு மறுபடி ஒரு 200. இடைப்பட்ட தூரத்தில் கூப்பிட்டால் வருவதற்கு மெக்கானிக் கிடையாது, கைபேசிக்குச் சிக்னலும் கிடையாது.

கூட இன்னொரு வண்டி இல்லாமல், இரண்டே பேராகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் கிளம்பும் முன் இருவருமே ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். படித்தவருக்கே உடம்புக்கு முடியாமல் போனால் மற்றவர் என்ன செய்வார்?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. ஓட்டாமல் பக்கத்தில் இருப்பவர் "நிறுத்து" என்றால் ஓட்டுபவர் நிறுத்த வேண்டும். காரணத்தை நின்ற பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஓட்டுபவரின் கண்ணும் கவனமும் அடுத்த பள்ளத்தின் மேல் இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் சத்தமும் வாசனையும் முதலில் தெரியும். இந்த விதி எங்களுக்கு ஒரு டயரைப் பறிகொடுத்த பிறகுதான் வந்தது.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது; பின்னால் புதிதாக ஒரு சத்தம்

வில்லியம் க்ரீக்கைத் தாண்டி அறுபது கிலோமீட்டர் போயிருப்போம். இரண்டு பக்கமும் கிப்பர் எனப்படும் கற்சமவெளி. கைக்கு அடக்கமான செந்நிறக் கற்கள், காற்றும் மணலும் தேய்த்துத் தேய்த்து மெருகேறியவை. பார்க்க அவ்வளவு அழகு. உடைந்த கல்லின் விளிம்போ கத்தி.

"என்னங்க, பின்னாடி இடது பக்கம் ஏதோ பட்பட்டுனு கேக்குது."

"கல்லு தெறிக்குதும்மா."

"இல்லீங்க, இது வேற மாதிரி இருக்கு."

"அந்த மேடு தாண்டி நிறுத்துறேன்."

மேட்டைத் தாண்ட மூன்று நிமிடம் ஆனது. அதற்குள் டயரின் பக்கச் சுவர் கிழிந்து, ரிம் தரையைத் தொட்டுவிட்டது. ஆரம்பத்தில் அது தரையில் படும் பகுதியில் விழுந்த ஒரு சின்னத் துளைதான். அப்போதே நின்றிருந்தால் ரப்பர் திரி வைத்து அடைத்திருக்கலாம். காற்றில்லாமல் ஓடும்போது வண்டியின் எடை முழுவதும் பக்கச் சுவரை மடித்து மடித்து அரைத்துவிடுகிறது. அப்படிப் போன டயரை எதைக்கொண்டும் மீட்க முடியாது.

ஆகவே, லேசாக இழுத்தாலும் சரி, சத்தம் மாறினாலும் சரி, உடனே வேகத்தைக் குறையுங்கள். பிரேக்கை அழுத்தி மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டு, முன்னும் பின்னும் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற நேரான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். இறங்கி நான்கு டயர்களிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மற்ற மூன்றைவிட ஒன்று கூடுதலாகச் சுட்டால் அதில்தான் காற்று குறைகிறது. பிறகு அளவுமானியை வைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

துளை தரைபடும் பகுதியில் இருந்தால் பஞ்சர் கிட்டில் உள்ள திரியைச் செருகிக் காற்றடித்துப் போகலாம். பக்கச் சுவரில் வெட்டு இருந்தால் நேரத்தை வீணாக்காமல் ஸ்டெப்னியை எடுங்கள். மாற்றும் முறை ஊரில் செய்வதுதான், ஆனால் இங்கே நான்கு விஷயங்களில் தவறக்கூடாது. மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுங்கள். வண்டியைத் தூக்கும் முன்பே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். ஜாக்கிக்கு அடியில் கெட்டியான பலகை வையுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஜாக்கி நழுவினால் வண்டி அதன் மேல் உட்காரும், உங்கள் காலுக்கு ஒன்றும் ஆகாது.

மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் இறங்கி மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

ஸ்டெப்னி இரண்டு வேண்டும். ஒன்றை மாற்றிய பிறகு மீதி 140 கிலோமீட்டரை மாற்று டயரே இல்லாமல் ஓட்டும் பயம் யாருக்கும் வேண்டாம். வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் வகையாக இருந்தால், அதை இறக்கும் சங்கிலியில் புழுதி ஏறி இறுகிக்கொள்ளும். வீட்டு வாசலிலேயே ஒருமுறை இருவரும் தனித்தனியாக இறக்கி, ஏற்றிப் பழகிவிடுங்கள்.

காற்றழுத்தம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தடத்தில் வரும் பாதிப் பிரச்சினைக்கு மூலம் அதுதான். தார்ச்சாலையில் 38 பிஎஸ்ஐ வைத்திருந்த எங்கள் வண்டிக்கு மண்சாலையில் 28 சரியாக இருந்தது. டயர் கொஞ்சம் மென்மையாகும்போது கல்லின் மேல் வளைந்து கொடுத்து ஏறும். விறைப்பாக இருந்தால் வெட்டுப்படும். ஆனால் குறைத்த அழுத்தத்துடன் வேகமாகப் போகக்கூடாது, போனால் டயர் சூடேறிவிடும். நாங்கள் 70ஐத் தாண்டவில்லை. உங்கள் வண்டிக்குச் சரியான அளவைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் மண்சாலையில் ஓட்டியபின் மறுபடி அளந்து பாருங்கள். 6 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறியிருந்தால் சரி. அதைவிட அதிகம் ஏறியிருந்தால் டயர் அளவுக்கு மீறிச் சூடாகிறது, ஆரம்பத்தில் வைத்த காற்று போதாது அல்லது வேகம் அதிகம். ஏறியது குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கலாம்.

ஸ்டீயரிங் உதறுகிறது, வண்டியின் பின்பக்கம் நழுவுகிறது

சக்கரங்கள் ஓடி ஓடி மண்சாலையில் குறுக்குவாட்டில் வரிவரியாக அலை எழும். சலவைக் கல்லின் வரிகளைப் போல இருக்கும். அந்த ஊரில் இதைக் 'காரகேஷன்' என்கிறார்கள். இதன் மேல் மெதுவாகப் போனால் பல் ஆடும். 70, 80க்கு ஏற்றினால் டயர் அலையின் உச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும், உதறல் அடங்கிவிடும். அந்தச் சுகத்தில்தான் ஆபத்து இருக்கிறது. டயர் பாதி நேரம் தரையில் இல்லை. ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி கேட்காது.

பின்பக்கம் நழுவுவதாகத் தோன்றினால் பிரேக்கைத் தொடாமல் மெல்ல வேகத்தை விடுங்கள். அழுத்தத்தை 2 பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். ஷாக் அப்சார்பர்கள் தொடர்ந்து அடி வாங்கினால் உள்ளே எண்ணெய் கொதித்து வலுவிழந்துவிடும், வண்டி படகு போல் மிதக்கும். அப்போது நின்று, இருபது நிமிடம் ஆறவிடுவதுதான் மருந்து. தொட்டுப் பார்க்காதீர்கள், கை வெந்துவிடும்.

ஒவ்வொரு மாலையும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடங்கள். வீல் நட், மேலே சுமைக் கம்பியின் போல்ட், பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டை, நம்பர் பலகை என்று எதையெல்லாம் கையால் ஆட்ட முடியுமோ அதையெல்லாம் ஆட்டிப் பாருங்கள். உள்ளே வைத்த பொருளுக்கும் இதே கதிதான். மெல்லிய அலுமினிய டின்கள் ஒன்றோடொன்று உரசியே ஓட்டையாகிவிடும். எங்கள் தேங்காய்ப்பால் டின்களைத் துணி சுற்றாமல் வைத்ததால் முதல் நாளே இரண்டு ஒழுகி, அரிசிப் பையை நனைத்துவிட்டன. புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்ததால் தப்பின.

சூட்டு முள் ஏறுகிறது

நடுவுக்கு மேல் முள் நகர்ந்ததுமே ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். பாலைவனத்தில் ஹீட்டரா என்று தோன்றும். எஞ்சினின் சூட்டை வண்டிக்குள் இழுத்து வெளியேற்ற இருக்கும் இரண்டாவது ரேடியேட்டர் அதுதான். முள் இறங்கினால் காற்று வரும் திசையைப் பார்த்து வண்டியின் முகத்தை வைத்து நிறுத்தி, எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். இறங்காமல் சிவப்பை நெருங்கினால், அல்லது ஆவியோ இனிப்பான கூலண்ட் வாசனையோ வந்தால், உடனே அணைத்துவிட வேண்டும்.

ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பீறிடும். உதவிக்கு 100 கிலோமீட்டர் இருக்கும் இடத்தில் முகம் வெந்தால் என்ன செய்வது என்று யோசித்துப் பாருங்கள். முக்கால் மணி நேரம் நிழல் தேடி உட்காருங்கள்.

ஆறியபின் முதலில் ரேடியேட்டரின் முகத்தைப் பாருங்கள். புல் விதையும் பூச்சியும் சேறும் அப்பியிருந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுவதுபோல் தண்ணீர் ஊற்றியோ தூரிகையாலோ எடுங்கள். அடுத்து ஃபேன் பெல்ட் இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ரப்பர் குழாய்கள். கசிவு சிறிதென்றால் தானாக ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் நாடாவை இழுத்துச் சுற்றினால் ஊர்போய்ச் சேரலாம். கூலண்ட் குறைந்திருந்தால் வெறும் தண்ணீரையும் ஊற்றலாம். ஆனால் குடிநீர்க் கணக்கில் கை வைக்கக்கூடாது, வண்டிக்கென்று தனியாக ஒரு பத்து லிட்டர் வைத்திருக்க வேண்டும்.

காய்ந்த புல்வெளியின் மேல் ஏற்றி நிறுத்தாதீர்கள். ஸ்பினிஃபெக்ஸ் என்ற முள்புல் சூடான சைலன்சரில் சிக்கினால் வண்டியே தீப்பிடித்துவிடும்.

சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை

பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அலைத்தடத்தில் ஒரு நாள் ஓடிய வண்டியில் டெர்மினல் தளர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பானெட்டைத் திறந்து இரண்டு முனைகளையும் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் இறுக்குங்கள், பெரும்பாலும் அந்த அளவு பொருந்தும். வெள்ளைப் பூ பூத்திருந்தால் சுரண்டுங்கள்.

முனைகள் சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால் இரவெல்லாம் ஓடிய ஃபிரிட்ஜைச் சந்தேகப்படுங்கள். ஃபிரிட்ஜுக்கென்று தனிப் பேட்டரி இல்லாத வண்டியில் அது எஞ்சின் பேட்டரியை உறிஞ்சிவிடும். கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. துணைக்கு இன்னொரு வண்டி இல்லாத இருவருக்கு அது ஆடம்பரப் பொருள் ஆகாது. அதில் சார்ஜ் இருக்கிறதா என்று மரீயிலேயே பாருங்கள்.

இழுவை குறைந்துவிட்டது, கரும்புகை வருகிறது

ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. கழற்றி, அழுக்குப் பக்கம் கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டுங்கள். கம்ப்ரசர் இருந்தால் உட்புறத்திலிருந்து வெளியே ஊதுங்கள், மாற்றி ஊதினால் தூசி தாளுக்குள் ஏறிக்கொள்ளும். ஃபில்டரே இல்லாமல் ஓட்டக்கூடாது.

வண்டிக்குள் புழுதி வருகிறது

ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து ஃபேனைப் போடுங்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால் இடுக்கு வழியாகப் புழுதி நுழையாது. எதிரே லாரி வரும்போது மட்டும் உட்காற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாடு ஏற்றிப் போகும் தொடர்லாரிகள் 53.5 மீட்டர் வரை நீளமாக இருக்கும். அது கிளப்பும் புழுதியில் ஒன்றும் தெரியாது. ஓரங்கட்டி நின்று, அடங்கிய பிறகு கிளம்புங்கள்.

எரிபொருள் முள் கணக்கைவிட வேகமாக இறங்குகிறது

காற்று குறைத்த டயர், எதிர்க்காற்று, கூரைச் சுமை மூன்றும் சேர்ந்தால் தார்ச்சாலைக் கணக்கு செல்லாது. வாசனை அடித்தால் விஷயம் வேறு. கீழே படுத்து டேங்கைப் பாருங்கள். கல் பட்டுக் கசிவு இருந்தால் அந்த இடத்தைத் துடைத்து, சாதாரண சோப்புக் கட்டியைக் கொஞ்சம் ஈரமாக்கி அழுத்தித் தேயுங்கள். பெட்ரோலும் டீசலும் சோப்பைக் கரைப்பதில்லை, அடுத்த ஊர் வரை அது பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ வேண்டாம்.

வண்டி புதைந்துவிட்டது

சக்கரம் சும்மா சுற்றத் தொடங்கிய அந்த நொடியில் காலை எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் மிதித்தால் வந்துவிடும் என்று தோன்றும். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி ஒரு சாண் கீழே போகும், கடைசியில் அச்சு மண்ணில் உட்கார்ந்துவிடும்.

இறங்கி, டயர்களை 15 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். மணலில் இதைவிடப் பெரிய மந்திரம் கிடையாது. காற்று குறைந்த டயர் நீளவாக்கில் படர்ந்து, ஒட்டகத்தின் பாதம் போல மணல் மேல் பரவி நிற்கும். சக்கரங்களுக்கு முன்னால் மட்டும் தோண்டாமல் வயிற்றுக்கு அடியிலும் தோண்டுங்கள். மீட்புப் பலகைகள் இருந்தால் சரிவாகச் செருகுங்கள், இல்லாவிட்டால் வண்டியின் கால்மிதிகளைப் போடுங்கள். பெரும்பாலும் வந்த வழியே பின்னால் எடுப்பதுதான் சுலபம், அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருக்கும். ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கவாட்டில் தள்ளி நின்று கையால் சைகை காட்ட வேண்டும். சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது, பலகை பறந்து வரும். வெளியே வந்ததும் காற்றடிக்க மறக்காதீர்கள்.

கதி தண்டா எனப்படும் ஏர் ஏரி இந்தத் தடத்துக்கு அருகில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மிகத் தாழ்ந்த நிலம் அது, கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே. வெள்ளை வெளேரென்ற உப்புப் படுகை சிமெண்ட் தளம் மாதிரி தெரியும். மேலே இருப்பது மெல்லிய உப்பு ஓடு, கீழே சேறு. அதோடு அது அரபனா மக்கள் புனிதமாகக் கருதும் இடம். படுகைக்குள் இறங்காதீர்கள். கரையில் நின்று பார்த்தாலே போதும், எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

எவ்வளவு முயன்றும் வண்டி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது இருவரும் வண்டியோடு இருக்க வேண்டும். 1998 டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ஜோடியின் வண்டி அந்த ஏரிக்கரையில் புதைந்தது. உதவி தேடி வில்லியம் க்ரீக்கை நோக்கி நடந்த பெண் வழியில் வெயிலில் இறந்துபோனார். வண்டிக்குத் திரும்பிவிட்ட ஆண் உயிரோடு மீட்கப்பட்டார். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு உறுதி: பிரிந்து போவது என்ற பேச்சே இல்லை. வானத்திலிருந்து தேடுபவருக்கு நடக்கும் மனிதர் ஒரு புள்ளிகூட இல்லை, வண்டி தெரியும். வண்டியில் நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, கண்ணாடி உண்டு, பகலில் கரும்புகை எழுப்ப ஸ்டெப்னி டயரும் உண்டு.

உதவி கேட்கச் செயற்கைக்கோள் தொலைபேசியோ, பிஎல்பி எனப்படும் கையடக்க அவசரக் கருவியோ கட்டாயம் வேண்டும். பிஎல்பி 406 மெகாஹெர்ட்ஸில் உங்கள் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும். அதை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம், பாலைவனத்தில் தொலைந்தவரைத் தேடவும் அந்தப் பதிவுதான் உதவும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இயக்குங்கள், இயக்கிய பின் அணைக்காதீர்கள். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் யுஎச்எஃப் ரேடியோ சில கிலோமீட்டர்தான் எட்டும், ஆனால் லாரிக்காரர்கள் 40ஆம் சேனலில் இருப்பார்கள். 5ஆம் சேனல் அவசர அழைப்புக்கு. எல்லாக் கருவியையும் இருவரும் இயக்கிப் பழகியிருக்க வேண்டும்.

தூறல் விழுகிறது, சாலை பிசுபிசுக்கிறது

அந்தக் களிமண் நனைந்தால் சோப்பு. டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு சக்கரம் வழுவழுவென்று உருளும். கொஞ்சம் மேடான இடத்தைப் பார்த்து நிறுத்திக் காத்திருங்கள். மழை பெய்தால் அரசு சாலையை மூடிவிடும். மூடிய சாலையில் போனால் அபராதம் உண்டு, நீங்கள் கிழித்த தடத்தைச் சரிசெய்ய அங்கே வாழ்பவர்கள்தான் பாடுபடுவார்கள். அதனால்தான் திட்டத்தில் இரண்டு நாள் உபரியாகவும், பையில் அதற்கேற்ற அரிசி பருப்பும் வைக்கச் சொல்கிறேன். காய்ந்த ஆற்றுப் படுகையில் மட்டும் கூடாரம் போடாதீர்கள். தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், எங்கோ பெய்த மழை இரவில் வந்து சேரும்.

தடம் மாறிவிட்டதோ என்று சந்தேகம்

டயர் தடங்கள் குறைகின்றன, சாலை ஒடுங்குகிறது, ஒரு வேலியும் கதவும் வருகின்றன என்றால் ஏதோ மாட்டுப் பண்ணைக்குள் போகும் வழியில் இருக்கிறீர்கள். இங்கே பண்ணை என்றால் நம் மனத்தில் இருக்கும் அளவு இல்லை. தடத்தை ஒட்டிய அன்னா க்ரீக் உலகிலேயே மிகப் பெரிய மாட்டுப் பண்ணை எனப்படுகிறது, 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதற்குள் வழி தவறினால் வீடு தேடிப் போவது நடக்காத காரியம்.

"கொஞ்சம் முன்னால போய்ப் பாப்போம்" என்பதை அனுமதிக்காதீர்கள். உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்பிப் போங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஓடோமீட்டர் எண்ணையும் நேரத்தையும் பக்கத்தில் இருப்பவர் ஒரு நோட்டில் எழுதி வந்தால் அந்த இடம் எது என்ற வாக்குவாதமே வராது. மரீயிலிருந்து ஊட்நடாட்டா வரை இன்னொரு துணை உண்டு. 1980 வரை ஓடிய பழைய கான் ரயில்பாதையின் மண்மேடும், இடிந்த நிலையங்களும், பாலங்களும் பெரும்பாலும் தடத்தின் அருகிலேயே வரும். ரயில், அதற்கு முன்பு 1872இல் முடிந்த தந்திக் கம்பி, அதற்கும் முன்பு பழங்குடி மக்களின் நடைபாதை, எல்லாம் ஊற்றுகளைத் தொட்டுத் தொட்டுப் போனவை. ஊட்நடாட்டாவுக்குப் பிறகு ரயில்மேடு வடக்கே பிரிந்துவிடும், நீங்கள் மேற்கே மார்லாவுக்குப் போகிறீர்கள். அங்கே அதைத் தேடாதீர்கள்.

தலைவலி, எரிச்சல், ஒருவருக்கொருவர் பேச்சில்லை

டயர் கிழிந்த அன்று மாலை ஆல்ஜெபக்கினாவில், நீல்ஸ் ஆற்றின் மேல் நிற்கும் 578 மீட்டர் நீளப் பழைய ரயில்பாலத்தின் அடியில் எங்களுக்குள் சண்டை. கூடாரத்தை எந்தப் பக்கம் போடுவது என்பதுதான் விஷயம். ஆனால் நான் "அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்தேன். அவர் பதில் சொல்லாமல் கூடாரப் பையைத் தரையில் போட்டுவிட்டு நடந்துபோனார். எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அப்போதுதான் கணக்குப் போட்டேன், காலை எட்டரைக்குப் பிறகு இருவரும் தண்ணீரே குடிக்கவில்லை. டயர் மாற்றிய மண்ணில் ஒரு மணி நேரம் வேலை செய்தபோதும்கூட.

ஜூலையில் பகலில் இருபது டிகிரிதான் இருக்கும். வியர்க்கவில்லை என்று நினைப்போம். அந்தக் காய்ந்த காற்றில் வியர்வை தோலில் நிற்பதில்லை, சட்டையில் உப்பாகத்தான் தெரியும். தாகம் தெரியும்போது ஏற்கெனவே தாமதம். அதனால் சண்டை தொடங்கினால், யார் சொன்னது சரி என்பதற்கு முன்னால் இருவரும் ஆளுக்கு அரை லிட்டர் குடியுங்கள், ஓஆர்எஸ் பொட்டலம் கரைத்துக் குடித்தால் இன்னும் நல்லது. ஏதாவது சாப்பிடுங்கள். அரை மணி நேரம் கழித்தும் அந்த விஷயம் பெரிதாகத் தெரிந்தால் அப்போது பேசுங்கள். நான் இரண்டு தம்ளர் ஊற்றிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். குடித்துவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "இனிமே நீ நிறுத்துன்னா நிறுத்திடுறேன்." அன்று இரவு புளிசாதம் சாப்பிட்டுவிட்டுப் பாலத்துக்கு மேலே பால்வெளியைப் பார்த்தபடி படுத்திருந்தோம்.

இதற்கு அடுத்த கட்டங்களைத் தெரிந்து வைத்திருங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகிறது, அல்லது ஆறு மணி நேரமாக வரவில்லை என்றால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. தசை பிடிப்பும் குமட்டலும் வந்தால் நிழலில் படுக்கவைத்து, துணியை நனைத்துப் போட்டு, மடக்கு மடக்காகக் கொடுங்கள். பேச்சு குழறுகிறது, தோல் கொதிக்கிறது, சொன்னது புரியவில்லை என்றால் அது வெப்பவாதம். உடம்பு முழுக்க நனைத்து விசிறிக்கொண்டே பிஎல்பியை இயக்குங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று, திட்டத்தைவிட மூன்று நாள் கூடுதலாகத் தண்ணீர் எடுங்கள். ஒரே பெரிய கேனில் வேண்டாம், அது ஓட்டையானால் எல்லாம் போச்சு. வழியில் பிளான்ச் கப், பப்ளர் போன்ற மேட்டு ஊற்றுகள் வரும், ஆழத்தில் இருக்கும் பெரும் ஆர்ட்டீசியன் படுகையின் நீர் மண்ணைப் பிளந்து குமிழியிடும். உட்கார்ந்து பார்க்க வேண்டிய காட்சி. குடிப்பதற்கு அதை நம்பாதீர்கள். கோடையில், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை, போகவே வேண்டாம். 1960 ஜனவரி 2 அன்று ஊட்நடாட்டாவில் 50.7 டிகிரி பதிவானது.

மார்லாவில் தார்ச்சாலை ஏறியபின் வண்டி ஒரு மாதிரி ஆடுகிறது

முதலில் டயரைப் பாருங்கள். மண்சாலைக்குக் குறைத்த காற்றோடு 110இல் போனால் ஆடத்தான் செய்யும், டயர் வெடிக்கவும் செய்யும். காற்றடித்தும் 80க்கு மேல் உதறினால் ரிம்மின் உட்பக்கத்தில் களிமண் காய்ந்து ஒட்டியிருக்கும். எங்களுக்கு வலது முன்சக்கரத்தில் ஒரு கைப்பிடி அளவு இருந்தது. பழைய தோசைக் கரண்டியால் அவர் சுரண்டி எடுத்தார், நான் நட்டுகளை இறுக்கினேன். கூபர் பீடி என்ற ஊர் வரை அவர் ஓட்டவில்லை, நான்தான் ஓட்டினேன். பத்து நிமிடம் போனதும், "கொஞ்சம் நிறுத்தும்மா, ஏதோ கேக்குது" என்றார். நிறுத்தினேன். கூரைச் சுமையின் பட்டை ஒன்று அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.